எதிர்க்கரையை இழுத்து வந்த பேண்டு

எங்கள் போல்கரோ ஊர் பேண்டு குழு, எதிர்க்கரையில் இருந்த ட்ரெவானிக் ஊரைத் தேவாலயம், மீன் கிடங்கு, கல் ஓடு வேய்ந்த வீடுகள், மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் உட்பட முதன்முதலாக நான்கடி தூரம் இழுத்தது 1957ஆம் வருடம் மே மாதத்தில். அந்த மாதம் மத்தி மீன் மலிவாக இருந்தது, நிலக்கரி விலை ஏறியிருந்தது. இழுத்தபோது ட்ரெவானிக்கில் ஒரு கோப்பைத் தேநீர்கூடச் சிந்தவில்லை. தரையில் ஒட்டாமல் ஆகாயத்தில் இருந்த அந்த ஊர்க் கடற்காக்கைகள் மட்டும் பின்தங்கிப்போய், தங்கள் புகைபோக்கிகளைத் தேடி வெகுநேரம் கத்திக்கொண்டு திரிந்தன.

இங்கிலாந்தின் கார்ன்வால் தென்கரையில் எங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆறு கடலில் விழுகிறது. முகத்துவாரம் அப்போது முக்கால் மைல் அகலம். மீன்படகுகள் எல்லாம் ஆற்றுக்குள்ளே கட்டிக்கிடக்கும். கடலுக்குப் போக அந்த வாயை விட்டால் வேறு வழி கிடையாது. இரண்டு ஊருக்கும் தனித்தனி பேண்டு. எங்கள் பேண்டு மாஸ்டர் ஹெட்லி நான்கேரோ சவப்பெட்டி செய்கிற தச்சர். கடலில் கால் நனைத்தாலே அவருக்குக் குமட்டும். ஆனாலும் போட்டிக்குப் போட்டி ட்ரெவானிக்காரர்களின் ராணுவ நடைப்பாட்டிடம் தோற்றுத் தோற்று வெறுத்துப்போய், இனி கடலைத்தான் வாசிப்பது என்று முடிவெடுத்தார். பாய்மரக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு வந்த பெருசுகளை மதுக்கடையில் உட்காரவைத்து, கயிறு இழுக்கும்போது மூச்சைச் சேர்த்துப் பிடிக்க அவர்கள் பாடிய அம்பாப் பாட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கி, கிளாரினெட்டுக்கும் கார்னெட்டுக்கும் ட்ராம்போனுக்கும் பிரித்துக்கொடுத்து, ஒரு பெரிய கடல் இசைக்கோவை கட்டினார். அதில் பாய் ஏற்றுகிற பாட்டு, தண்ணீர் இறைக்கிற பாட்டு, நங்கூரச் சக்கரம் சுற்றுகிற பாட்டு, கடைசியாகக் கரையைப் பிரிகிறபோது பாடுகிற விடைப்பாட்டு என்று வரிசையாக வரும். அந்தப் பாட்டுகளின் வார்த்தைகள் படு பச்சையானவை. ஆனால் வாத்தியத்துக்கு வார்த்தை தெரியாது என்பது ஹெட்லியின் நம்பிக்கை. ஜெபக்கூடத்தில் ஒத்திகை தொடங்கியதும் வார்த்தை தெரிந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று உரக்கப் பாடினார்கள். போதகர் பெத்தரிக் காதுவரை சிவந்துபோய், இந்தச் சங்கதியைக் கர்த்தருடைய கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒத்திகை படகுத்துறைக்கு மாறியது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்து, அதாவது ட்ரெவானிக்கைப் பார்த்து, வரிசையாக நின்று வாசித்தார்கள்.

குழுவின் அடித்தளம் லவ்டே சிர்க்வின். பேஸ்டி கடை வைத்திருந்தவள், குழுவிலேயே பெரிய ஊதுவாத்தியமான ட்யூபா வாசிப்பவள். மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பேஸ்டியை அவள் ஒரு கையால் மடிப்பாள், மறு கையால் சில்லறை கொடுப்பாள். ஒரு மூச்சு எடுத்தால், போதகர் ஆசீர்வாத ஜெபத்தைத் தொடங்கி ஆமென் சொல்கிறவரை அதே சுரத்தில் நிற்கக்கூடியவள். அவளுக்கு ஒரு தங்கை, தாம்சின். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு, வந்தவர்களுக்குச் சாப்பாடு செய்யும்போது, பேஸ்டியின் ஓரத்தை எங்கே முறுக்குவது, பக்கவாட்டிலா தலையிலா என்று அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு வந்தது. அம்மா பக்கவாட்டில்தான் முறுக்கினாள் என்றாள் லவ்டே. கண் சரியாக இருந்த காலத்தில் தலையில்தான் முறுக்கினாள் என்றாள் தாம்சின். சாப்பிட வந்தவர்கள் பசியோடு திரும்பிப் போனார்கள். தாம்சின் ஆற்றைத் தாண்டிப் போய் ட்ரெவானிக் பேண்டு மாஸ்டர் ஜாகோ யூரனைக் கட்டிக்கொண்டு, அங்கே தலையில் முறுக்கிய பேஸ்டி விற்கிற கடை திறந்தாள். கணவனின் குழுவில் பெரிய முரசும் அடித்தாள். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடமாக அக்கா தங்கைக்குள் ஒரு வார்த்தை கிடையாது. வேண்டுமென்று பேசாமல் இருந்தார்களா, முக்கால் மைலுக்குக் குரல் எட்டாததால் பேசாமல் இருந்தார்களா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஊர் நகர்ந்ததை முதலில் கண்டுபிடித்தது ஓடக்காரர் டிகோரி ஸ்பார்கோ. அக்கரை போய்ச்சேரும்போது அவருடைய சுங்கானில் புகையிலை சரியாகத் தீரும். அன்றைக்குத் தீரவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வார முடிவில் இரண்டு இழுப்புக்கு மிச்சம் இருந்தது. அவர் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஒத்திகைக்கு வந்தார்.

"மாஸ்டர், நீங்க அந்தச் சக்கரப் பாட்டு வாசிக்கறப்ப எல்லாம் ட்ரெவானிக் இங்க வருது. கொஞ்சம் பாத்து வாசிங்க. எம் பொழப்பு கெட்டுப்போகுது."

மதுக்கடைப் பெருசுகளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இழுக்கிறதற்கென்று செய்த பாட்டு இழுக்காமல் என்ன செய்யும் என்றார்கள். கப்பலில் என்றால் கயிறு இருக்கும், நங்கூரம் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லாததால் எதிரே நிற்கிறதை இழுக்கிறது, அவ்வளவுதான். ஹெட்லிக்கோ பெருமை தாங்கவில்லை. இதற்கு முன்னால் அவருடைய இசை ஒரு ஆளைக்கூட நாற்காலியிலிருந்து நகர்த்தியதில்லை. அவர் ஒத்திகையைத் தினசரி ஆக்கினார்.

ட்ரெவானிக்காரர்கள் முதலில் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. தாங்கள் இருந்த இடத்திலேயே இருப்பதாகவும், போல்கரோதான் வெட்கமில்லாமல் நெருங்கி வருவதாகவும் சொன்னார்கள். சர்வேயர் ஒருவர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். அளந்ததை வரைபடத்தோடு ஒப்பிட்டார். வரைபடம் சரியாக இருக்கிறது, இரண்டு ஊர்களும்தான் தப்பு என்று சொல்லிவிட்டுக் குங்குமப்பூ பன் இரண்டு தின்றுவிட்டுப் போனார். ஜாகோ யூரன் ரோஷக்காரர். அவரும் அதே பாட்டைக் காதால் கேட்டே பிடித்துத் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து, போல்கரோவைத் தன் பக்கம் இழுத்துக் காட்டுகிறேன் என்று அந்தத் துறையில் நின்று வாசிக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் லவ்டேயின் ட்யூபா, அந்தப் பக்கம் தாம்சினின் முரசு. இரண்டு ஊரும் ஒன்றையொன்று இழுத்ததில் வேகம் இரண்டு மடங்கானது. ஜூன் மாதக் கடைசியில் எதிர்க்கரை ஆட்களின் முகம் தெரிந்தது. அவர்கள் நாங்கள் நினைத்ததைவிட வயதானவர்களாக இருந்தார்கள். ஜூலையில் இரண்டு ஊர் சமையல் வாசனையும் ஒன்றாகக் கலந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெத்தரிக்கின் பிரசங்கமும் அக்கரைப் போதகரின் பிரசங்கமும் ஆற்றின் நடுவில் மோதி, கேட்கிறவர்களுக்கு நரகம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிற இடம்போலக் காதில் விழுந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லவ்டே கடை ஜன்னலைத் திறந்தபோது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் தாம்சினும் ஜன்னலைத் திறந்தாள். துறையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"இன்னும் தலையிலதான் முறுக்கறியாடி?" என்று கத்தினாள் லவ்டே.

"இன்னும் பக்கவாட்டுலதான் முறுக்கறியாக்கா?" என்றாள் தாம்சின். "அதைப் பாத்தா பூட்ஸ் கிழிஞ்ச மாதிரி இருக்கு."

"ஒன்னோடது கோழிக்கொண்டை மாதிரி இருக்கு. கொக்கரிக்காம இருக்கானு பாத்துட்டு விக்கறியா?"

"பத்து வருஷமா இதுக்குத்தான் யோசிச்சியா? இவ்ளோதானா?"

"போடி! அம்மா கைப்பக்குவத்தைக் கடத்திட்டுப் போனவளே!"

"கடத்தினேனா? நீதான்க்கா அதை அடக்கம் பண்ணே, பக்கவாட்டுல!"

அன்றைக்கு லவ்டே கடையில் பேஸ்டி மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் அவளே ஜன்னலைத் திறந்து காத்திருந்தாள். அதற்குப்பின் தினமும் காலையில் அடுப்பு மூட்டியதும் ஒரு சுற்று, கடை சாத்துவதற்கு முன் ஒரு சுற்று சண்டை நடந்தது. லவ்டேக்கு நெடுநாள் இருந்த மூட்டுவலி போயிற்று. தாம்சின் தலைமயிரைச் சுருட்டிவிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஜாகோ டிகோரியிடம், என் பெண்டாட்டி சமைக்கும்போது பாடுகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னாராம்.

ஆகஸ்டில் ஆற்று வாய் ஒரு சந்து அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு துணிக்கொடி கட்டினார்கள். யாருடைய உள்பாவாடை யாருடையது என்று தெரியாமல் சில குடும்பங்களில் விசாரணை நடந்தது. சின்னப் பிள்ளைகள் தாண்டிக் குதித்து விளையாடினார்கள். டிகோரியின் ஓடம் குறுக்கே நின்றால் முன்புறம் ட்ரெவானிக்கிலும் பின்புறம் போல்கரோவிலும் இடித்தது. ஏறுகிறவர்கள் உட்காராமல் அப்படியே நடந்து இறங்கிப்போனார்கள். அதற்கும் அவர் மூன்று பென்ஸ் கேட்டார். சிலர் வெட்கப்பட்டுக் கொடுத்தார்கள். இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் மத்திக் கூட்டம் கடலில் வந்து இறங்கியபோது, ஆற்றுக்குள் இருந்த படகு ஒன்றுகூட வெளியே போகமுடியவில்லை. மீன் துள்ளுவது மேட்டில் ஏறி நின்றால் வெள்ளியாகத் தெரிந்தது. அதைப் பிடிக்கப் போனவர்கள் ஆற்று வாயில் படகை நுழைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் வண்ணம் உரிந்து, பின்வாங்கினார்கள். கடலுக்குப் போக வழி இல்லாத ஆறு மேலே ஏறி, மதுக்கடை நிலவறைக்குள் புகுந்தது. மத்தி போனால் இரண்டு ஊருக்கும் குளிர்காலம் முழுக்க முட்டைக்கோஸ்தான்.

பேண்டுகள் வாசிப்பதை நிறுத்தின. நிறுத்தியதால் ஊர் திரும்பிப் போய்விடவில்லை. ஹெட்லி இசைத்தாளைத் தலைகீழாக வைத்து வாசிக்கச் சொன்னார். ஊர் அசையவில்லை, அந்தச் சாயங்காலம் பெய்த மழை மட்டும் தரையிலிருந்து மேலே போயிற்று, தொப்பி போட்டவர்கள் எல்லாருக்கும் தொப்பிக்குள்ளே நனைந்தது. தண்ணீர் இறைக்கிற பாட்டை வாசித்தார்கள். நிலவறைத் தண்ணீர் அப்படியே இருக்க, பீர்ப் பீப்பாய்கள் அத்தனையும் வற்றின. அதோடு மதுக்கடைக்காரர் ஹெட்லியை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்சம் இருந்தது விடைப்பாட்டு ஒன்றுதான். கரையை விட்டுக் கப்பல் பிரியும்போது பாடுகிறது அது. விடை என்பது ஒரு பக்கம் மட்டும் கொடுக்கிறதல்ல. இரண்டு ஊரும் சேர்ந்து வாசித்தால்தான் பலிக்கும் என்று பெருசுகள் சொன்னார்கள். ஹெட்லியும் ஜாகோவும் துணிக்கொடிக்குக் கீழே கை குலுக்கி ஒத்துக்கொண்டார்கள்.

லவ்டே ஒத்துக்கொள்ளவில்லை. ட்யூபா ரிப்பேர் என்றாள். ரிப்பேர் பார்க்க வந்தவரிடம் உதடு வெடித்திருக்கிறது என்றாள். உதட்டுக்கு வெண்ணெய் கொண்டுவந்தவர்களிடம் எனக்கு மூச்சு விட முடியவில்லை என்று ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் சொன்னாள். அக்கரையில் தாம்சின் முரசுக் கோலைக் காணவில்லை என்று சொல்லிவிட்டாள். அதைக் கொண்டு அவள் மாவு உருட்டிக்கொண்டிருந்ததை எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ட்யூபாவும் முரசும் இல்லாமல் மற்றவர்கள் விடைப்பாட்டை வாசித்தபோது, இரண்டு கரையும் தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள்போல லேசாக அசைந்துவிட்டு அப்படியே கிடந்தன.

கடைசியில் டிகோரி போனார். கடை வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். லவ்டே மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"ஒங்க ஓடத்துக்காக வந்திருந்தீங்கன்னா நடையைக் கட்டுங்கண்ணே."

"ஓடம் கெடக்கட்டும். நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன். இந்தச் சந்து மூடிச்சுன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"ரெண்டு ஊரும் ஒரே ஊராயிடும். ஒரே ஊருக்குள்ள ரெண்டு பேஸ்டி கடை எதுக்குன்னு கேப்பாங்க. மத்தி இல்லாத வருஷம் வேற, காசு எவன்கிட்ட இருக்கும்? ஒண்ணுதான் நிக்கும்."

லவ்டேயின் கை மெதுவாகிவிட்டது.

"ஒன் கடைய மூடினா நீ செத்துப்போவே," என்றார் டிகோரி. "அவ கடைய மூடினா, அப்பறம் நீ காலைல எழுந்து யாரைத் திட்டுவே?"

அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு அவருக்கு ஒரு பேஸ்டியைச் சுடச்சுட எடுத்துக் கொடுத்து, "காசு வேணாம். போய் மாஸ்டரை வரச்சொல்லுங்க," என்றாள். டிகோரி அதே பேச்சை அக்கரையிலும் போய்ப் பேசி, அங்கேயும் ஒரு பேஸ்டி வாங்கித் தின்றார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு இரண்டு பேண்டும் எதிரெதிரே நின்றன. இத்தனை நாள் ஒருவரை ஒருவர் இழுத்தவர்களுக்கு அப்போதுதான் எதிரே நிற்கிறவன் ட்ராம்போனை எப்படிப் பிடிக்கிறான் என்று பக்கத்தில் பார்க்க முடிந்தது, சிலர் தலையசைத்துக்கொண்டார்கள். கிளாரினெட்டுகள் தொடங்கின. கார்னெட்டுகள் சேர்ந்தன. லவ்டே மூச்சை இழுத்து ட்யூபாவில் விட்டாள். தாம்சினின் முரசு அதற்குக் கீழே அலை மாதிரி வந்து சேர்ந்தது. ட்ரெவானிக் போக ஆரம்பித்தது. அழுக்குச் சுவர்கள், புகைபோக்கிகள், மாடுகள், ஜாகோவின் ஆட்டுகிற கை எல்லாம் மெதுவாகப் பின்னால் நகர, நடுவே தண்ணீர் அகலமாகித் தளும்பியது. காரணம் சொல்லத் தெரியாமல் நிறையப் பேர் அழுதார்கள். சந்து தெருவானது. தெரு வயலானது. படகுகள் நான்கைந்து ஒன்றாகப் போகிற அகலம் வந்தது. பாட்டில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. அந்த இடத்தில் ட்யூபா நின்றது. அதே இடத்தில் அக்கரையில் முரசும் நின்றது. கிளாரினெட்டுகள் தனியாகக் கொஞ்ச தூரம் போய்விட்டு அசடு வழிய நின்றன. கரைகளும் நின்றுவிட்டன.

"ஏன் நிறுத்தினே?" என்று ஹெட்லி கோலை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"மூச்சு வாங்கிடுச்சு மாஸ்டர்," என்றாள் லவ்டே.

அக்கரையில் தாம்சின் என்ன காரணம் சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். வாய் அந்த அகலத்தில்தான் நின்றிருந்தது. மீன்படகுகள் அன்று சாயங்காலமே கடலுக்குப் போய், ஆறு வடிந்து, மதுக்கடை நிலவறை காய்ந்தது. இரண்டு ஊரும் போட்டியில் அந்த வருடம் பக்கத்து ஊரிலிருந்து வந்த வேறொரு பேண்டிடம் தோற்றன.

அதன் பிறகு ஏழெட்டு வருடம் எல்லாம் சரியாகவே நடந்தது. புதிய வரைபடத்தில் வாயைப் புதிய அகலத்தில் வரைந்தார்கள். டிகோரி சுங்கானை விட்டுவிட்டு மூக்குப்பொடிக்கு மாறினார்; ஒரு சிட்டிகைக்கு ஒரு பயணம் சரியாக இருந்தது. ஹெட்லி தன் சவப்பெட்டியைத் தானே செய்து, அது மிக நன்றாக அமைந்துவிட்டதால் ஆசைப்பட்டுக் கேட்ட ஒருவருக்கு விற்றுவிட்டு, இன்னும் உயிரோடு பேண்டு நடத்திக்கொண்டிருந்தார். அக்கா தங்கை இருவரும் காலையும் மாலையும் தண்ணீருக்கு மேலே கத்திக்கொண்டார்கள். கீழே போகிற படகுக்காரர்கள் இன்றைக்கு யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

ஒரு பிப்ரவரி மாதத்தில் தாம்சின் ஜன்னல் திறக்கவில்லை. அன்று லவ்டே இரண்டு ஆள் சண்டையையும் தானே போட்டுப் பார்த்தாள், ருசிக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. டிகோரி வந்து, நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாள், டாக்டர் வந்து போனார், ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னார்.

"ஓடத்துல ஏறு லவ்டே. ஒரு சிட்டிகைப் பொடிதான், போய்ச் சேந்துடலாம்."

"அந்த மண்ணுல கால் வெக்க மாட்டேன்னு அம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணவ நான்."

"அவ மட்டும் இந்த மண்ணுல கால் வெப்பாளா?"

"அவளும்தான் பண்ணா. எனக்கு அப்பறம் பண்ணா. எல்லாத்துலயும் என்னப் பாத்துத்தான் பண்ணுவா." சொல்லிவிட்டு லவ்டே முந்தானைபோல் கட்டியிருந்த மாவுத்துணியால் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு ட்யூபாவை எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். காலை பத்து மணி இருக்கும், துணி துவைக்கிற நாள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நங்கூரச் சக்கரப் பாட்டை அவள் தனியாக வாசித்தாள். கார்னெட் இல்லை, கிளாரினெட் இல்லை, அடியில் போகிற சுரம் மட்டும், மாடு கூப்பிடுகிற மாதிரி. ஊர் முழுவதையும் இழுக்க ஒரு ட்யூபாவால் ஆகாது. ஆகவும் வேண்டாம். அக்கரைக் கடைத்தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவிலிருந்து தாம்சினின் வீடு, பல் பிடுங்கிய மாதிரி வெளியே வந்தது. பின்கட்டும், பூண்டுப் பாத்தியும், அடியில் ஒரு ஆள் உயரத்துக்கு ட்ரெவானிக் மண்ணும் கூடவே வந்தன. தண்ணீரில் வாத்துபோல் சாவதானமாக மிதந்து, ஒரு மீன்படகுக்கு வழிவிட்டு நின்று, துறைமேல் ஏறி, லவ்டேயின் கடைக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் வந்து உட்கார்ந்தது. கதவு திறந்துகொண்டது. லவ்டே உள்ளே போகவில்லை. அது ட்ரெவானிக் மண். ஜன்னலுக்கு வெளியே போல்கரோ மண்ணில் நின்றபடி கையை உள்ளே நீட்டித் தங்கைக்கு இறைச்சிச் சாறு ஊட்டினாள்.

தாம்சின் மூன்று வாய் விழுங்கினாள். "உப்பு போடலியாக்கா நீ?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"போட்டேன். பக்கவாட்டுல போட்டேன், வாயத் தெற."

புகையிலை வாங்கப் போயிருந்த ஜாகோ யூரன் திரும்பி வந்து, தன் வீட்டு வாசற்படி இருந்த இடத்தில் இருந்த குழியைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு துறைக்கு இறங்கி வந்தார்.

"டிகோரி, எங்க வீட்ட எங்கயாச்சும் பாத்தீங்களா?"

"அக்கரைக்குப் போச்சு. உக்காருங்க, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

தாம்சினுக்கு மார்ச் மாதத்தில் உடம்பு தேறியது. வீட்டைத் திருப்பி அனுப்புவதைப் பற்றி ஒருதரம் பேச்சு வந்தது. அன்றைக்கு மழை, பிறகு யாருக்கும் நேரம் இல்லை. ட்ரெவானிக்காரர்கள் அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கவிட்டு வாத்து வளர்க்கிறார்கள். போல்கரோவில் இப்போது ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேஸ்டி கடைகள் இருக்கின்றன. எங்களில் பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் மற்றதிலும் வாங்குகிறோம், போதகர் பெத்தரிக் மட்டும் வாரம் மாற்றி வாரம் வாங்குகிறார். ஜாகோ காலையில் ஓடம் ஏறித் தன் ஊர் பேண்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஓடத்தில் வீட்டுக்கு வருகிறார். வீட்டு வரி ட்ரெவானிக்குக்கே கட்டுகிறார்கள், அதை யாரும் தப்பென்று சொல்லவில்லை.